காலுக்கேற்ற சப்பாத்து

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினர். அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற சொற்கள் பல. அலுமாரி, மேசை, கதிரை, சாவி, பாண் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். சப்பாத்து என்ற சொல்லும் அந்த வரிசையில் வந்ததே. ஏனையவை வீட்டுக்குள் வந்து நம்மவையாகிவிட்டன. சப்பாத்து மட்டும் இன்றுவரை விருந்தாளியாகவே இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு, கந்தோருக்கு, கலியாணத்துக்கு என்று அதற்கு நேரம் குறித்து வைத்திருக்கிறோம். மற்ற வேளைகளில் வெறுங்கால், அல்லது 'பாட்டா'. ஒரு கம்பனியின் பெயர் இறப்பர்ச் செருப்பின் பெயராகவே ஆகிவிட்ட ஊர் எங்களுடையது.

இந்த நிலை அண்மைக் காலத்தில் மாறி வருகிறது. அதிகாலையில் அரியாலை மாம்பழம் சந்திப் பக்கம் வந்து பாருங்கள். ஓய்வுபெற்ற அதிபர்கள், வங்கி உத்தியோகத்தர்கள், கடை முதலாளிமார், அவர்களின் துணைவியர் என்று ஒரு கூட்டமே கண்டி வீதியில் நடந்துகொண்டிருக்கும். சிலர் ஓடவும் செய்வார்கள். பத்திரிகைக் காரியாலயத்தில் முப்பது ஆண்டுகளாக இரவுப்பணி செய்து, நள்ளிரவுத் தேநீரையும் விடியற்காலைத் தூக்கத்தையும் வாழ்க்கையாக்கிக் கொண்ட நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். இரத்தத்தில் சீனி எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று வைத்தியர் சொன்ன நாள்முதல் நடக்கிறேன். இரண்டு வருடங்களாக மெதுவாக ஓடவும் செய்கிறேன்.

வழியில் சந்திப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி அரசியல் பற்றியதல்ல. "என்ன சப்பாத்து போடுறியள்? எங்கை வாங்கினியள்?" என்பதுதான். பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்ற பழைய நம்பிக்கை இன்னும் முற்றாக அழியவில்லை போலும்! ஆகவே நான் படித்தவற்றையும், கேட்டறிந்தவற்றையும், என் கால்கள் எனக்குச் சொல்லித் தந்தவற்றையும் இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன். இதை எழுதும்படி என்னைத் தூண்டியவர் ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் காலைப் பற்றி. ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். இவற்றைப் பிணைக்கும் தசைகளும் தசைநார்களும் இணையங்களும் நூற்றுக்கு மேல். இத்தனை நுட்பமான ஒன்றை அச்சில் வார்த்த ஓர் உறைக்குள் நுழைக்கும்போது எது எதற்கு விட்டுக்கொடுப்பது என்பதே பிரச்சினை. எங்களைப் போன்று வெறுங்காலோடு ஓடியாடி வளர்ந்தவர்களுக்கு இந்தப் பிரச்சினை இன்னும் கூடுதல். தென்னிந்தியாவில் ராவ், ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 2300 பிள்ளைகளின் பாதங்களை ஆராய்ந்து 1992இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சப்பாத்தும் செருப்பும் அணிந்து வளர்ந்த பிள்ளைகளில் 8.6 வீதமானோருக்குத் தட்டைப்பாதம் இருந்தது. வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் அது 2.8 வீதம் மட்டுமே. வெறுங்கால் மனிதரின் முன்பாதம் அகன்றிருப்பதையும், உடலின் பாரம் பாதம் முழுவதும் சீராகப் பரவுவதையும் 2009இல் இந்தியாவிலேயே செய்யப்பட்ட இன்னோர் ஆய்வு காட்டியது.

இதன் பொருள் என்ன? நமது பாதம் பெரும்பாலும் விரல் பக்கம் விரிந்தது. கடைகளுக்கு வரும் ஓட்டச் சப்பாத்துகளிற் பெரும்பாலானவை மேலைநாட்டுப் பாதத்தின் அச்சில் வார்க்கப்பட்டவை. நீளம் சரியாக இருக்கும், அகலம் போதாது. அகலத்துக்காக ஓர் இலக்கம் கூட்டி வாங்கினால் குதிக்கால் உள்ளே ஆடும். 'எனக்கு எந்தச் சப்பாத்தும் சரிவருவதில்லை' என்று நம்மவர்கள் சலித்துக்கொள்வது இதனாலேதான். குறை அவர்களின் காலில் இல்லை. அகலம் கூடிய அச்சில் வரும் வகைகளும் இருக்கின்றன. கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

விளையாட்டு உலகிலும் கால் பெரிதா சப்பாத்துப் பெரிதா என்ற வழக்கு நெடுநாளாக நடக்கிறது. 1957இல் சோவியத் வீரர் யூரி ஸ்தெபானோவ் தடித்த அடிப்பாகம் கொண்ட சப்பாத்து ஒன்றை அணிந்து உயரம் பாய்தலில் 2.16 மீற்றர் தாண்டி உலக சாதனை படைத்தார். சர்ச்சை எழுந்தது. அடுத்த ஆண்டே அடித்தட்டின் தடிப்பு 13 மில்லிமீற்றருக்கு மேற்படக் கூடாது என்று விதி வந்தது. அதே 1958இல்தான் எங்கள் பெரியவிளான் தந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் டோக்கியோவில் 2.03 மீற்றர் பாய்ந்து, ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்கு முதலாவது தங்கப்பதக்கத்தைப் பெற்றுக்கொடுத்தார். வரலாறு திரும்பவும் வந்தது. நுரையும் காபன் தகடும் கொண்ட புதுவகைச் சப்பாத்துகள் 2017இன் பின் மரதன் ஓட்டத்தின் நேரங்களைப் புரட்டிப்போட, 2020இல் உலகத் தடகள அமைப்பு வீதி ஓட்டத்துக்கான சோலின் உச்சத் தடிப்பை 40 மில்லிமீற்றர் என்று வரையறுத்தது.

மறுபக்கத்தில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா நிற்கிறார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு மரதன் ஓடி 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் வென்றவர். அங்கே கொடுக்கப்பட்ட சப்பாத்துகள் அவருக்குப் பொருந்தவில்லை என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. நான்கு ஆண்டுகளின் பின் டோக்கியோவில் சப்பாத்து அணிந்து 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் மீண்டும் வென்றார். இந்த இரண்டு வெற்றிகளையும் பக்கத்துப் பக்கமாக வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: பொருந்தாத சப்பாத்தை விட வெறுங்கால் மேல்; பொருந்திய சப்பாத்து கிடைத்தால் அதை வேண்டாமென்று சொல்லத் தேவையில்லை.

சரி, பொருந்துவது எது என்று எப்படி அறிவது? நெடுங்காலமாக ஒரு சூத்திரம் சொல்லிவந்தார்கள். பாதத்தை நனைத்துக் காகிதத்தில் பதியுங்கள்; வளைவு உயர்ந்ததா, தாழ்ந்ததா என்று பாருங்கள்; உட்புறமாகச் சாயும் பாதத்துக்கு இறுக்கமான சப்பாத்து, உயர்ந்த வளைவுக்கு மெத்தென்ற சப்பாத்து என்று. கேட்பதற்கு விஞ்ஞானம் போலத்தான் இருக்கும். அமெரிக்க இராணுவம், விமானப்படை, மரைன் படை ஆகிய மூன்றும் ஆயிரக்கணக்கான பயிலுநர்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தன. வளைவைப் பார்த்துச் சப்பாத்துக் கொடுக்கப்பட்டவர்களுக்கும் எல்லோருக்கும் ஒரே வகை கொடுக்கப்பட்டவர்களுக்கும் இடையே காயங்களில் சொல்லத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 12 பரிசோதனைகளையும் 11,240 பேரையும் ஒன்றுசேர்த்துப் பார்த்த 2022ஆம் ஆண்டின் கொக்ரேன் மதிப்புரையும், பாதத்தின் வகைக்கேற்பச் சப்பாத்தைப் பரிந்துரைப்பதால் காயம் குறையும் என்பதற்குத் தக்க சான்று இல்லை என்றே கூறியது.

அப்படியானால் மிஞ்சுவது என்ன? கனடாவின் கல்கரிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பென்னோ நிக் 2015இல் சகாக்களுடன் சேர்ந்து ஒரு கருத்தை முன்வைத்தார். ஒவ்வொரு மனிதனின் மூட்டுகளுக்கும் தமக்கே உரிய ஓர் அசைவுப் பாதை உண்டு. அந்தப் பாதையில் உடம்பைச் சிரமமின்றிப் போகவிடும் சப்பாத்தே நல்ல சப்பாத்து. அதை அறிய உடம்பு பயன்படுத்தும் அளவுகோல் சௌகரியம் என்பதே அவருடைய வாதம். பல்கலைக்கழகத்தில் கலைப்பீடத்தில் படித்த எனக்கு இந்த முடிவு மிகவும் பிடித்திருந்தது. அணிந்து நடந்து பார். சுகமாக இருக்கிறதா, வாங்கு. எங்கள் பாட்டிமார் செருப்புக்குச் சொன்னதும் அதுவே அல்லவா!

ஆயினும் சௌகரியம் என்பது கடையின் வாங்கிலில் இருந்துகொண்டு, பெருவிரலால் சப்பாத்தின் முனையை அமுக்கிப் பார்ப்பதன்று. சில ஒழுங்குகள் இருக்கின்றன.

பின்னேரத்தில் போங்கள். நாள் முழுதும் நின்று நடந்த பாதம் வீங்கியிருக்கும்; ஓடும்போதும் அது வீங்கத்தான் போகிறது. ஓடும்போது அணியும் அதே காலுறையோடு போங்கள். நாங்கள் மேஸ் என்போமே, அதுதான். தடித்த பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு தோலைக் கொப்பளிக்கச் செய்யும். இரு பாதங்களையும் அளந்து, பெரிய பாதத்துக்கு ஏற்றதை எடுங்கள். பெரும்பாலானோருக்கு ஒன்று மற்றதைவிடச் சற்றுப் பெரிதாகவே இருக்கும். எழுந்து நின்று பார்க்கையில் மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகல இடம் இருக்க வேண்டும். அந்த நீண்ட விரல் எல்லோருக்கும் பெருவிரலாக இருப்பதில்லை. விரல்கள் உள்ளே சுதந்திரமாக அசைய வேண்டும். குதிக்கால் மேலெழக் கூடாது. பிறகு கடைக்குள்ளேயே நாலு தரம் நடந்து, முடிந்தால் வாசலில் நின்று சற்று ஓடியும் பாருங்கள். 'போடப் போடச் சரிவரும்' என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். தோற்சப்பாத்துக்கு அது ஓரளவு உண்மை. ஓட்டச் சப்பாத்து முதல்நாளே சரிவர வேண்டும்.

நான் வாங்கப் போன கடையில் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பொடியன் நின்றான். மூன்று சோடிகளை அணிந்து பார்த்துவிட்டு நான்காவதைக் கேட்டபோது, "ஐயா, முகத்தைச் சுளிக்காமல் நடக்கிறது எதிலையோ அதை எடுங்கோ. முதல் மூண்டிலையும் சுளிச்சனீங்கள்" என்றான். கல்கரிப் பேராசிரியரின் கட்டுரை முழுவதையும் அவன் ஒரே வரியில் சொல்லிவிட்டான்.

அடுத்தது நடையும் ஓட்டமும். ஓடுபவர்களிற் பெரும்பாலோர் குதிக்காலைத்தான் முதலில் தரையில் வைக்கிறார்கள். அது குற்றமல்ல. ஆனால் காலை உடம்புக்கு வெகுதூரம் முன்னே நீட்டி வைத்தால் முழங்கால்தான் அந்த அதிர்ச்சியை வாங்கும். அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் காட்டியது எளிமையானது: அதே வேகத்தில், ஒரு நிமிடத்தில் வைக்கும் அடிகளின் எண்ணிக்கையை 5 முதல் 10 வீதம் கூட்டினால் முழங்காலிலும் இடுப்பிலும் விழும் சுமை குறைகிறது. அதாவது எட்டி வைக்காமல் கிட்டக் கிட்ட வைப்பது. இதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை. பழைய சப்பாத்து ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள். குதியின் வெளி ஓரம் தேய்ந்திருந்தால் அது பெரும்பாலானோருக்கு இயல்பே. ஒரு கால் மட்டும் வேறு விதமாகத் தேய்ந்திருந்தால் சப்பாத்துக் கடைக்கு முன் வைத்தியரிடம் போவது நல்லது.

தரையும் கவனிக்கப்பட வேண்டியது. காப்பெற் வீதி நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிந்தது. நாள்தோறும் ஒரே ஓரத்தில் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்திலேயே விழும். ஆகவே இடையிடையே மணல் ஒழுங்கைகளுக்குள் திரும்பி விடுகிறேன். வீதியில் ஓடும்போது எதிரே வரும் வாகனம் தெரியும்படி வலப்புறமாக ஓடுங்கள். ஒழுங்கைக்குள் நாய்கள் துரத்தினால் எந்தச் சப்பாத்தும் உதவாது, நின்றுவிடுவதே உத்தமம்!

இனி, என்னை எழுதத் தூண்டியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடுகளில் நல்ல சப்பாத்துகளிற் பாதி கடையில் வாங்கப்பட்டவை அல்ல. ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் பெட்டிக்குள் வந்தவை. அனுப்புகிறவர் காலைப் பார்த்ததில்லை. 'அப்பாவுக்கு எட்டாம் நம்பர்' என்று தொலைபேசியில் கேட்டதோடு சரி. பிரித்தானிய இலக்கம் எட்டு என்பது அமெரிக்க இலக்கத்தில் ஏறக்குறைய ஒன்பது, ஐரோப்பிய இலக்கத்தில் ஏறக்குறைய நாற்பத்திரண்டு என்பது இருபக்கத்தாருக்கும் நினைவிருப்பதில்லை. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியின் பின் இங்கே விலைகள் ஏறிய ஏற்றத்தில், வந்த பொருளைத் திருப்பிச் சொல்லவும் மனம் வருவதில்லை.

என் அயலவர் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பதினைந்து ஆண்டுகளாகச் சலரோகக்காரர். கனடாவிலிருக்கும் மகன் நடைக்கென்று அவருக்கு விலையுயர்ந்த ஒரு சோடி அனுப்பினான். அது ஓர் இலக்கம் சிறியது. சின்னவிரல் நெருக்குண்டது, ஆனால் அவருக்கு நோகவில்லை. நீரிழிவு நீடித்த பாதத்தில் நரம்பு மரத்துப்போய்விடும். கல் குத்தினாலும் தெரியாது. காணொளி அழைப்பில் மகன் கேட்பான்: "அப்பா, சப்பாத்து அளவோ?" இவர் சொல்வார்: "அளவடா தம்பி, நல்ல சுகமாய்க் கிடக்கு." கொப்பளம் புண்ணாகி, புண் ஆழப்பட்டு, இரண்டு விரல்களை எடுக்கவேண்டி வந்தது. வைத்தியசாலைக் கட்டிலில் இருந்தபடிதான் மகனுக்கு உண்மையைச் சொன்னார். "பெயரைப் போடாமல் எழுதும். ஆற்றையேன் ஒரு விரலாவது மிஞ்சும்" என்று என்னிடம் கேட்டுக்கொண்டவரும் அவரே.

எனவே புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். இலக்கத்தைக் கேட்காதீர்கள். அப்பாவையோ அம்மாவையோ பின்னேரத்தில் ஒரு வெள்ளைத்தாளின் மேல் நிற்கச் சொல்லி, பென்சிலால் இரு பாதங்களையும் சுற்றிக் கோடு கீறச் சொல்லுங்கள். பக்கத்தில் ஓர் அடிமட்டத்தை வைத்து மேலிருந்து படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நீளத்தையும் அகலத்தையும் சென்ரிமீற்றரில் அளந்து, அந்தத் தாளோடு கடைக்குப் போங்கள். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். அளவில்லை என்றால் அளவில்லை என்று சொல்லுங்கள். அது அன்பை மறுத்ததாகாது. நீரிழிவு உள்ளவர்கள் அணியுமுன் சப்பாத்துக்குள் கைவிட்டுக் கல்லோ முள்ளோ கிடக்கிறதா என்று பாருங்கள். இரவில் ஒரு கண்ணாடியைக் கீழே பிடித்து உள்ளங்காலைப் பாருங்கள். வெறுங்காலோடு நடப்பதை அவர்கள் முற்றாக விட்டுவிட வேண்டும்.

வந்த சப்பாத்தை 'நல்ல நாளுக்கு' என்று அலுமாரியில் பூட்டி வைப்பதும் வேண்டாம். சில சோல்களில் இருக்கும் பொலியூரித்தேன் என்ற பொருள் எங்கள் வெக்கையிலும் ஈரப்பதனிலும் நீர்ப்பகுப்படைந்து, அணியாமல் இருந்தாலும் உள்ளுக்குள் உதிரத் தொடங்கிவிடும். கலியாண வீட்டு முற்றத்தில் அடி கழன்று கையோடு வந்த கதைகள் நம்மூரில் எத்தனை! ஓடுபவர்கள் 500 முதல் 800 கிலோமீற்றருக்குள் சப்பாத்தை மாற்றுவது நல்லது என்பது பொதுவான கணக்கு. இரண்டு சோடிகளை மாறி மாறி அணிய வசதி உள்ளவர்கள் அப்படிச் செய்யலாம். லக்சம்பேர்க்கில் 264 ஓட்டக்காரர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட வகைச் சப்பாத்துகளை மாற்றி அணிந்தவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 39 வீதம் குறைவாக இருந்தது.

மனிதனுக்கேற்ப வடிவமைப்பது என்பதற்கு நான் கண்ட சிறந்த உதாரணம் சப்பாத்து அல்ல, கால். 1968இல் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் உருவாக்கிய செயற்கைப் பாதம். மேலைநாட்டுச் செயற்கைப் பாதம் சப்பாத்துக்குள் இருப்பதற்கென்றே செய்யப்பட்டது. நம்மவரோ சப்பணங்கட்டி இருப்பவர், குந்துபவர், வயலுக்குள் இறங்குபவர், வெறுங்காலோடு கோயிலுக்குப் போகிறவர். அந்த வாழ்க்கையைப் பார்த்து அவர்கள் பாதத்தைச் செய்தார்கள். 1980களின் பிற்பகுதியிலிருந்து யாழ்ப்பாணத்திலும் அந்தப் பாதம் செய்யப்படுகிறது. ஏன் தேவைப்பட்டது என்று இந்த மண்ணில் பிறந்தவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் ஓடும் வீதிக்கும் ஒரு கதை உண்டு. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தது இந்த வழியாகத்தான். எனக்கு அப்போது இருபத்தைந்து வயதளவு. என் பாட்டாவின் வார் சேற்றில் அறுந்தது. குனிந்து எடுக்க இடமில்லாத நெரிசல். மீதி வழியை வெறுங்காலோடு கடந்தேன். விடிந்து பார்த்தபோது வீதியோரமெங்கும் ஒற்றைச் செருப்புகள் கிடந்தன. அதே வீதியோரத்தில் இருக்கும் செம்மணிச் சித்துப்பாத்தி மயானத்தில் 2025இல் 200க்கும் மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவற்றோடு உடைகளும் செருப்புகளும் ஒரு பிள்ளையின் பள்ளிப் பையும் இருந்தன. அந்த வெளி வரும்போது நான் ஓடுவதில்லை, நடந்துதான் கடக்கிறேன்.

உயிருக்காக ஓடிய வீதியில் உடம்புக்காக ஓடக் கிடைத்திருப்பது சிறிய பேறல்ல. அதைச் சின்னவிரலில் ஒரு கொப்பளத்தால் இழந்துவிடக் கூடாது என்பதே என் ஆசை. இன்று பின்னேரம் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, அதன் மேல் ஏறி நின்று, உங்கள் காலின் அளவை நீங்களே ஒருமுறை பாருங்கள்.